‘இந்த முகவரி ஏற்கனவே பதிவில் உள்ளது’

மின்னஞ்சல் செய்திமடல் நடத்தும் இளையவர்கள் சிலர் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், ஒரு குழு வைத்திருக்கிறார்கள். போன மாதம் அதில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். சேர்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபப்படலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வேலை பார்த்த காலமெல்லாம் ஊராரை நான் சேர்த்ததும் ஏறக்குறைய இதே மாதிரிதான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

‘ஓய்வுபெற்ற மூத்தவர்’ என்று அறிமுகம் வேறு. கடை மூடியதால் ஐம்பது வயதில் வீட்டுக்கு வந்தவனை அப்படிச் சொல்வதற்கும் ஒரு நல்ல மனசு வேண்டும். குழுவில் ஒரு பெண் கேட்டிருந்தார்: இணையத் தளத்துக்கு வருபவர்களை எப்படி மின்னஞ்சல் முகவரி கொடுக்க வைப்பது, உங்கள் அனுபவத்தை எழுதுங்களேன் என்று.

படித்தவுடன் போனை ஒதுக்கி வைத்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, தைல டப்பாவை எடுத்து என் பக்கம் தள்ளினாள். பதற்றம் வந்தால் நெற்றியில் தைலம் தேய்ப்பது என் பழக்கம். அலுவலகத்தில் நான் வாயைத் திறக்கும் முன்பே, வாசனையை வைத்து இன்றைக்குப் பிரச்சினை பெரிதா சிறிதா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தக் கட்டுரையும் அந்த வாசனையோடுதான் எழுதப்படுகிறது.

தொடக்க காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். செனாய் தொழிற்பேட்டையில், மின்சாதனப் பலகைகளில் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கும் வேலை. கண் கெட்டது. பிறகு ஒரு வார இதழுக்கு வீடு வீடாகப் போய்ச் சந்தா சேர்க்கும் வேலை. முட்டி கெட்டது. கடைசியாகக் குளுவாங்கில், ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த தமிழ்ச் செய்தித் தளத்தில் ‘வாசகர் தொடர்பு’ என்ற பதவி. அங்கே கெட்டது என்ன என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஜொகூர்ச் செய்திகளுக்கான தளம் அது. கோயில் திருவிழா, வெள்ளம், செனாய் தொழிற்சாலைகளில் ஆள் எடுப்பது, சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல், தங்க விலை, மரண அறிவிப்பு. முதலாளி அழகப்பன் செட்டிநாட்டுக் குடும்பம். தாத்தா காலத்தில் குளுவாங்குக்கு வந்து வேரூன்றியவர்கள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தீர்மானம் எடுத்துவிட்டால் காபிக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைப்பார். கவிழ்ந்த கோப்பையை யாரும் நிமிர்த்த முடியாது. கோப்பை நிமிர்ந்திருக்கும்வரை பேசிக்கொள்ளலாம்.

எங்களுக்குச் சமூக ஊடகத்தில் ஒரு பெரிய பக்கம் இருந்தது. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் காணோம். ஏன் என்று கேட்க ஒரு மனிதன் இல்லை. முதலாளி அன்றைக்குச் சொன்னார், இவ்வளவு நாளும் அடுத்தவன் வீட்டு வாசலில் கடை போட்டிருந்தோம், இனிமேல் வாசகர் நமக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவர் முகவரி நம் கையில் இருக்க வேண்டும் என்று. கோப்பை கவிழ்ந்தது. பெட்டி பிறந்தது.

பெட்டி என்றால் உங்களுக்குத் தெரியும். ஒரு செய்தியைத் திறந்து இரண்டு வரி படிப்பதற்குள், உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள் என்று திரையை மறைத்துக்கொண்டு வந்து நிற்குமே, அதுதான். நாட்டில் யாருக்குமே பிடிக்காத ஒரு பொருளை வளர்த்து ஆளாக்கிய பெருமை எனக்கு உண்டு.

முதலில் அதில் ‘சந்தாதாரர் ஆகுங்கள்’ என்று எழுதினேன். ஒருவரும் வரவில்லை. சந்தா என்றால் நம் ஆட்களுக்குக் காசு. ‘இலவசம்’ என்று சேர்த்தேன். இலவசம் என்றதும், இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று பயந்தார்கள். ‘உலகத் தமிழர்களோடு இணையுங்கள்’ என்று எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. முதலாளி என்னைக் கூட்டிக்கொண்டு கீழே காபிக் கடைக்குப் போவார். பக்கத்து மேசைக்காரரிடம் மரியாதையாக நம் தளத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கமாட்டார், கட்டைவிரலைப் பார்ப்பார். பெட்டி வந்தவுடன் விரல் நேராக மூலையில் இருக்கும் பெருக்கல் குறிக்குப் போகும். திரும்பி வந்ததும் அந்தக் குறியை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கச் சொல்வார். கடைசியில் அது எறும்புக் கால் அளவுக்கு வந்துவிட்டது. கண் சரியில்லாதவர்கள் பெட்டியைத் தாண்டவே முடியாது.

ஒருநாள் காபிக் கடையில் இரண்டு பேர், யாரோ இறந்தது தெரியாமல் போய்விட்டதே, எட்டாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் கேள்விப்பட்டோம் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மாடிக்கு ஓடிப் பெட்டியின் வாசகத்தை மாற்றினேன். ‘தினமும் காலையில் ஒரு மின்னஞ்சல். ஜொகூரில் வேலை, தங்க விலை, மரண அறிவிப்பு.’ அவ்வளவுதான். வரத் தொடங்கினார்கள். நம் ஆட்கள் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். சாவுக்குப் போகாமல் இருக்கமாட்டார்கள். இதைத் தொழில் ரகசியமாக வேண்டுமானால் அந்தப் பெண் எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த ஒரே ரகசியம் இதுதான்.

முறையாகச் செய்தால், முகவரி போட்டவருக்கு ஒரு மடல் போக வேண்டும். ‘இது நீங்கள்தானா?’ என்று கேட்க வேண்டும். அவர் ஆமாம் என்று அழுத்தினால்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். முதலாளி அந்தப் படியை எடுத்துவிட்டார். ஒரு தடவை அழுத்த வைப்பதற்கே இந்தப் பாடு, இரண்டாவது தடவைக்கு எங்கே போவது என்பது அவர் கட்சி. ஆகவே யார் வேண்டுமானாலும் யார் முகவரியையும் போடலாம். போட்டால் பெட்டி உடனே ‘நன்றி’ என்று சொல்லும். அந்த முகவரி முன்பே பட்டியலில் இருந்தால், ‘இந்த முகவரி ஏற்கனவே பதிவில் உள்ளது’ என்று சொல்லும். இந்த இரண்டு பதிலைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது.

பெட்டி நன்றாகப் போய்க்கொண்டிருந்த சமயத்தில், நாங்கள் மடல் அனுப்பப் பயன்படுத்திய நிறுவனத்திடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. உங்கள் மடலை ஒருவர் தினமும் குப்பை என்று புகார் செய்கிறார், இப்படியே போனால் உங்கள் கணக்கை நிறுத்திவிடுவோம் என்று. கணக்கு நின்றால் மடல் நிற்கும். மடல் நின்றால் விளம்பரக்காரர் நிற்கமாட்டார். தைலம் தேய்த்தபடி தேடினேன். ஒரே முகவரி. தினமும் காலையில் மடல் போனதும் ‘குப்பை என்று புகார் செய்து விலகு’ என்ற பொத்தானை அழுத்துகிறார். பட்டியலிலிருந்து பெயர் போய்விடுகிறது. கொஞ்ச நேரத்தில் அதே முகவரி பெட்டி வழியாக மறுபடியும் வந்து சேர்கிறது. மறுநாள் மடல், புகார், விலகல். மறுபடியும் வருகை.

பைத்தியம் யார் என்று எனக்குப் புரியவில்லை. அவரா, இயந்திரமா, நானா? மூன்றாவதற்குத்தான் அதிக வாய்ப்பு என்று மனைவி சொன்னாள்.

முதலாளி அந்த முகவரியைத் தடுத்துவிடச் சொன்னார். அதைச் செய்யும் முன்பே பெட்டி பழுதாகி, ஒருநாள் அதைத் தளத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. அன்று காலை அலுவலகத் தொலைபேசி அடித்தது. வயதான பெண் குரல்.

“தம்பி, இன்னிக்கி அந்தப் பெட்டி வரல.”

“எந்தப் பெட்டிங்க அக்கா?”

“இமேல் கேக்குமே. அது.”

பெட்டியை எடுடா என்று திட்டி அழைத்தவர்கள் எத்தனையோ பேர். பெட்டி எங்கே என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். இந்த வாசகியை மாடிக்கு அழைத்துச் சால்வை போர்த்த வேண்டும் என்று தோன்றியது. நானே உங்கள் பெயரைச் சேர்த்துவிடுகிறேன், முகவரியைச் சொல்லுங்கள் என்றேன். அவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஓர் ஆண் பெயர், அதன் பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள் எண். கையில் இருந்த பேனாவை வைத்துவிட்டுத் தைல டப்பாவைத் தேடினேன். அதே முகவரி.

அவர் பெயர் சரசு. லாயாங் லாயாங் என்ற ஊரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு. போனில் பேசத் தயங்கினார். அதனால் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போனேன். மரியாதைக்காகப் போனதாகச் சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் அந்தக் கணக்கு நின்றுவிட்டால் என் வேலை போய்விடுமே என்ற நடுக்கத்தில்தான் போனேன்.

வாசலை ஒட்டித் தையல் இயந்திரம், பள்ளிச் சீருடைகள் குவியல். சுவரில் கணவர் படம், நெகிழி மாலை. வெளியே கூரைக்குக் கீழே கித்தான் போர்த்திய பழைய மோட்டார்சைக்கிள். எண் பலகை மட்டும் வெளியே தெரிந்தது. துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. தினமும் பெட்டியில் வந்த எண் அதுதான்.

முகவரி அவருடைய மகன் குமரேசனுடையது. சிங்கப்பூரில் வேலை. அப்பா வண்டியின் எண்ணைத் தன் பெயரோடு சேர்த்து முகவரியாக வைத்துக்கொண்டவன். பெருந்தொற்றால் எல்லை மூடியிருந்த காலத்தில் அப்பா இறந்துபோனார். மகனால் பாலத்தைத் தாண்டி வர முடியவில்லை. உடலை வைத்திருக்கவும் வழியில்லை. அத்தை மகனைக் கொண்டு கொள்ளி வைத்து முடித்துவிட்டார்கள்.

“போன்ல காட்டினோம் தம்பி. அவன் பாத்துக்கிட்டேதான் இருந்தான். நான் பேசு பேசுங்கிறேன், பேசல. எல்லாம் முடிஞ்சப்பறம் ஒன்னே ஒன்னு சொன்னான். ‘அப்ப அவனையே மகனா வெச்சிக்கங்க’ன்னான். நம்பர மாத்திட்டான். ரூமையும் மாத்திட்டான்.”

பாலம் திறந்தது. எல்லாரும் வந்தார்கள், அவன் வரவில்லை. தெரிந்தவர்கள் யாருக்கும் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. சரசு அக்கா உறவுக்காரப் பெண்ணிடம் சொல்லி மின்னஞ்சல்கள் எழுதினார். பதில் இல்லை. கணவரின் முதல் திதிக்கு எங்கள் தளத்தில் நினைவஞ்சலி கொடுத்தார். வந்திருக்கிறதா என்று பார்க்கத் திறந்தால் பெட்டி மறைத்துக்கொண்டது. எறும்புக் கால் குறி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தனக்கென்று மின்னஞ்சல் இல்லாததால், தெரிந்த ஒரே முகவரியைப் போட்டார். ‘நன்றி’ என்றது. சாயந்தரம் மறுபடியும் படத்தைப் பார்க்கத் திறந்து, மறுபடியும் போட்டார். ‘ஏற்கனவே பதிவில் உள்ளது’ என்றது. மறுநாள் மடல் போன பிறகு போட்டார். ‘நன்றி’ என்றது.

ஏன் இப்படி மாறி மாறிச் சொல்கிறது என்று உறவுக்காரப் பெண்ணைக் கேட்டிருக்கிறார். நடுவில் முகவரிக்காரரே பெயரை எடுத்திருப்பார் அத்தை, அதனால்தான் புதிதாகச் சேர்க்கிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். சரசு அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. பெட்டி நன்றி சொன்னால், இன்றைக்குக் காலையில் மகன் எழுந்திருக்கிறான். போனைக் கையில் எடுத்திருக்கிறான். கோபமாக ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறான். உயிரோடு இருக்கிறான்.

“நான் எழுதினா பதில் வராது தம்பி. பெட்டிதான் பதில் சொல்லுது.”

வெளியே இருந்த எண் பலகையை மறுபடியும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் ஒன்றுதான் கேட்டார். “நான்தான் போடறேன்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அதையும் நிறுத்திடுவான்.”

திரும்பி வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பையைக் கையில் பிடித்தபடி கேட்டார். அந்த முகவரியைத் தடுத்துவிட்டால் பெட்டி என்ன சொல்லும் என்றார். தடுத்த முகவரியும் பட்டியலில்தான் இருக்கும். அதனால் எந்நாளும் ‘ஏற்கனவே பதிவில் உள்ளது’ என்றுதான் சொல்லும் என்றேன். அந்த அம்மா மகன் போய்விட்டான் என்று நினைத்துக்கொள்வார். உடனே என் மூளை ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. மடல் அனுப்பாமல் விட்டுவிடலாம், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் பெட்டி தினமும் ‘நன்றி’ சொல்லட்டும், யாருக்கும் நட்டமில்லை. என் புத்திசாலித்தனத்தில் நானே மயங்கி நின்றேன்.

முதலாளி மெதுவாகக் கேட்டார். “நாளைக்கு அவன் செத்துப்போனாலும் நன்றி சொல்லுமா?”

தைலம் தீர்ந்துபோயிருந்தது.

வெகுநேரம் கழித்து ஒரு வழி தெரிந்தது. கணக்கைக் கெடுப்பது புகார்தான், விலகல் அல்ல. மடலின் அடியில் ‘விலகு’ என்று சின்னதாக ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் பெயர் போகும், புகார் போகாது. அவன் அந்த இணைப்பை அழுத்தினால் போதும். முதலாளி கோப்பையைக் கவிழ்த்தார்.

ஆகவே என் வாழ்நாளிலேயே அதிகம் அடித்துத் திருத்திய மடலை எழுதினேன். வந்தவரெல்லாம் சேர வேண்டும் என்று கெஞ்சிப் பிழைத்தவன், ஒரு மனிதனை ஒழுங்காக விலகும்படி கெஞ்சினேன். ‘அன்புள்ள வாசகரே, எங்கள் கணினியில் உள்ள கோளாறால் உங்கள் முகவரி தினமும் தானாகச் சேர்ந்துவிடுகிறது. மன்னிக்கவும். தயவுசெய்து புகார் செய்யாமல், கீழே உள்ள விலகு இணைப்பை அழுத்துங்கள்.’ அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதி அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். அனுப்பிவிட்டுக் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பதில் வந்தது. ‘நோட்டட். சீக்கிரம் ஃபிக்ஸ் பண்ணுங்க லா.’

பண்ணுகிறோம் என்று எழுதினேன். பண்ணவில்லை. மறுநாளிலிருந்து புகார் நின்றது. காலையில் மடல் போகும், அவன் விலகுவான், அக்கா சேர்ப்பார், பெட்டி நன்றி சொல்லும். எங்கள் தளத்தில் பிசகாமல் நடந்த ஒரே காரியம் அதுதான்.

ஒன்றை மட்டும் தொழில்காரனாகச் சொல்கிறேன். ஒரு மடல் வேண்டாம் என்றால், அனுப்புபவரையே தடுத்துவிட ஒரு தட்டு போதும். அதற்குப் பிறகு எந்த மடலும் கண்ணில் படாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையனுக்கு இது தெரியாதா? மறுநாள் மறுபடியும் சேர்ப்பார்கள் என்று தெரிந்தே, அவன் தினமும் தன் கையால் பெயரை எடுத்துக்கொண்டிருந்தான். லாயாங் லாயாங் என்று ஊர்ப்பெயர் வந்த நாள்களில் மடலில் இருந்த செய்தியையும் திறந்து பார்த்துவிட்டு எடுத்தான்; யார் எதைத் திறந்தார் என்று எங்கள் கணக்கில் தெரியும். நான் இதை அக்காவிடம் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “அப்பிடியா” என்றார். அன்றைக்கு நூல் நெடுநேரம் ஊசிக்குள் போகவில்லை.

பிறகு எல்லாருக்கும் நடந்தது எங்களுக்கும் நடந்தது. வாசகர்கள் புலனத்துக்குப் போனார்கள். மரண அறிவிப்பு உறவுக் குழுக்களில் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. விளம்பரக்காரர்கள் ஒவ்வொருவராக மரியாதையாக விடைபெற்றார்கள். நான் வாசகத்தை மாற்றினேன், பெட்டியின் நிறத்தை மாற்றினேன். பெருக்கல் குறியைப் பெரிதாக்கக்கூடச் செய்தேன். பெரிதாக்கியதில் மூடுபவர்களுக்கு வசதியாக இருந்தது. முதலாளி ஒருநாள் கோப்பையைக் கவிழ்த்தார். தளம் மூடப்பட்டது.

நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். அந்தப் பெட்டி மட்டும் இருக்கட்டும் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் செய்தி எதுவும் இல்லாத வெற்றுப் பக்கம் ஒன்று, அதில் ஒரு பெட்டி. தினமும் காலையில் ‘வணக்கம்’ என்று ஒரு சொல்லும் விலகு இணைப்பும் மட்டும் கொண்ட ஒரு மடல். மடல் கணக்கைச் சின்னதாகச் சுருக்கியதில், யார் திறந்தார், யார் விலகினார் என்று காட்டும் பலகை எனக்குப் போய்விட்டது. பரவாயில்லை, அக்காவுக்குப் பெட்டி இருக்கிறதே என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் அவர் அழைத்தார். “தம்பி, இன்னிக்கி ‘ஏற்கனவே’ன்னு சொல்லுது.”

விடுமுறையாக இருக்கும், தூங்கியிருப்பான் என்றேன். மறுநாளும் அதேதான். போன் மாற்றியிருப்பான் என்றேன். அதற்கடுத்த நாள், ஒருவேளை வேண்டும் என்றே வைத்திருக்கிறானோ என்னவோ, அம்மா ஞாபகம் வந்திருக்கும் என்றேன்.

“தம்பி, நீங்க பொய் சொன்னா குரல் மேல போவுது.”

அவனுக்கு நான் எழுதினேன். இந்த முறை அம்மாவைப் பற்றியும், கித்தான் போர்த்திய வண்டியைப் பற்றியும் எழுதினேன். எதையும் அழிக்கவில்லை. பதில் இல்லை. சிங்கப்பூர்ப் போலீசில் சொல்லித் தேடச் சொல்லலாம் என்றேன். அக்கா மறுத்துவிட்டார். கோபம் ஆறி, பெயரை எடுக்காமல் விட்டிருக்கிற பிள்ளையின் அறைக் கதவைப் போலீஸ் போய்த் தட்டினால், மறுபடியும் போய்விடுவான் என்றார். என் பொய்யை அவர் நம்பவில்லை. ஆனால் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

தினமும் விடிந்ததும் போனைக் கையில் எடுக்கிறேன். பெட்டியில் அந்த முகவரியை நானே போட்டுப் பார்த்துவிடலாம். அக்காவுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் ‘நன்றி’ என்று வந்துவிட்டால்? அந்த நொடியே முகவரி பட்டியலில் ஏறிவிடும். பிறகு அக்கா போடும்போது ‘ஏற்கனவே’ என்றுதான் சொல்லும். அவருக்கு வர வேண்டிய ஒரு நன்றியை நான் தின்றதாகிவிடும். அதனால் போனை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் விரலை அந்தப் பெட்டிக்கு இழுக்கப் பாடுபட்டவனுக்கு, சொந்த விரலைத் தள்ளி வைப்பது இவ்வளவு கடினம். மனைவி பார்க்கிறாள். முன்பெல்லாம் கிண்டல் செய்வாள். இப்போது தைல டப்பாவை மட்டும் கொண்டுவந்து வைக்கிறாள்.

குழுவில் கேட்டீர்களே, என் பதில் இதுதான், அம்மா. வருபவர்களை எப்படி முகவரி போட வைப்பது என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்காமலே தினமும் போடுகிற ஒருவரைத் தெரியும். உங்கள் பெட்டியில் பெருக்கல் குறியைப் பெரிதாக வையுங்கள். ‘இது நீங்கள்தானா’ என்று கேட்கும் படியை எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். அந்தப் படி இருந்திருந்தால் அக்காவுக்கு இத்தனை நன்றிகளும் கிடைத்திருக்காதே என்று நினைத்தால், அதையும் சொல்ல வாய் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ரயில் ஒன்று கடந்து போனது.

“ஏற்கனவேதான், தம்பி,” என்றார். பிறகு, “நீங்க பசியாறிட்டீங்களா?”